ஓடக்காரருக்கு விழுந்த ஓட்டு

மணவாக்கம் பஞ்சாயத்து போர்டு தேர்தலில் ஓடக்காரர் எல்லப்பன் பிரசிடெண்டாக ஜெயித்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது அவர் கால்வாயின் நடுவில் இருந்தார். மேற்குக் கரையில், பள்ளிக்கூடத்து வாசலில் நின்று யாரோ துண்டைத் தலைக்கு மேல் சுழற்றிக் கத்தினார்கள். அக்கரைக்குப் போக ஆள் கூப்பிடுகிறது என்று நினைத்து, வருகிறேன் இரு என்று அவரும் பதிலுக்குக் கத்தினார். கரை தட்டியதும் கழுத்தில் மாலை விழுந்தது. பழைய பிரசிடெண்டு வெங்கடராகவனுக்குப் போடுவதற்காகத் திருக்கழுக்குன்றத்திலிருந்து வாங்கி வந்த மாலை. வேறு மாலை வாங்கி வைக்க யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

எல்லப்பன் தேர்தலில் நின்றதே வெங்கடராகவன் கேட்டுக்கொண்டதால்தான். வெங்கடராகவன் நிலபுலன் உள்ளவர், கோயில் காரியங்களைப் பார்ப்பவர். முந்தைய இரண்டு தடவையும் போட்டியில்லாமல் பிரசிடெண்டாக வந்தவர். அதைச் சொல்லியே பக்கத்து ஊர்க்காரர்கள் சந்தையில் அவரைக் கிண்டல் செய்தார்கள். உங்கள் ஊரில் அந்த நாற்காலியை வேறு எவனும் சீண்டவில்லையாமே என்றார்கள். அவருக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு நாள் காலையில் ஓடத்தில் ஏறி உட்கார்ந்ததும் விஷயத்தைச் சொன்னார்.

"ஏண்டா எல்லப்பா, எதிர்த்து ஒருத்தன் நின்னாத்தான் ஜெயிச்சதுக்கு அழகு. நீ நில்லு. நீ ஒண்ணும் பண்ண வேண்டாம், தோத்தாப் போறும்."

தோற்பதற்குப் பெரிய சாமர்த்தியம் வேண்டாம் என்று எல்லப்பனும் சரி என்றார்.

வெங்கடராகவன் ஊருக்குச் சொன்னது ஒரே வாக்குறுதி, பாலம். ஊர் முழுக்கக் கடலுக்கும் கால்வாய்க்கும் நடுவில் இருக்கிறது. பள்ளிக்கூடம், சந்தை, ஆஸ்பத்திரி, செங்கல்பட்டு பஸ் எல்லாம் கால்வாய்க்கு மேற்கே. ஐப்பசி மழையில் தண்ணீர் ஏறிவிட்டால் ஓடம் போகாது, ஊர் தீவாகிவிடும். அதனால் பாலம் என்றதும் எல்லோரும் தலையாட்டினார்கள். பாலம் வந்தால் ஓடக்காரன் என்ன ஆவான் என்று ஒருத்தரும் பேசவில்லை. எல்லப்பனும் கேட்கவில்லை. ஜில்லா போர்டு காரியம், கல் வந்து இறங்குவதற்குள் தன் காலமே முடிந்துவிடும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டார்.

ஓட்டுச்சாவடி மேற்குக் கரைப் பள்ளிக்கூடத்தில். ஆகவே ஊரில் ஓட்டுள்ள அத்தனை பேரையும் அக்கரை சேர்க்கும் வேலை எல்லப்பனுடையதாயிற்று. பொழுது விடிந்ததிலிருந்து கழி ஊன்றினார். ஏறியவர்களிடமெல்லாம், வெங்கடராகவ சாமிக்குப் பச்சைப் பெட்டி, மறந்துவிடாதீர்கள் என்று தவறாமல் சொன்னார். தன்னுடைய சிவப்புப் பெட்டியைப் பற்றி மூச்சு விடவில்லை. வெயில் ஏறியது, உடம்பெல்லாம் வேர்வை, கூழ் குடிக்கக்கூடக் கரையில் நிற்க நேரமில்லை. கடைசியில் அவரும் போய்ப் பச்சைப் பெட்டியில் தம் ஓட்டைப் போட்டுவிட்டு வந்தார்.

எண்ணும்போது பச்சைப் பெட்டியில் அடி மறையுமளவுக்குக்கூடச் சீட்டு இல்லை. சிவப்புப் பெட்டியைக் கவிழ்த்ததும் மேஜை நிறைந்து தரையில் சரிந்தது.

முதலில் பிடித்துக்கொண்டவள் வீட்டுக்காரி செல்லம்மாதான். மாலையோடு வாசலில் நின்றவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மூஞ்ச அப்டி வெச்சிகினு நாள் முச்சூடும் கழி ஊன்னா எவனுக்குத்தான் மனசு கேக்கும்? சிரிச்சிகினே தள்றதுக்கு இன்னா?"

மறுநாள் ஊர் முழுக்க ஒரே எரிச்சல். தெருவில் நின்று ஒருத்தரை ஒருத்தர் கடிந்துகொண்டார்கள். பாலம் வேண்டும் என்று கேட்டுவிட்டு ஓடக்காரனைக் கொண்டுவந்து உட்கார்த்தி வைத்த புத்திசாலி யார் என்று விசாரித்தார்கள். அக்ரகாரத்தில் கேட்டால் காலனியைக் காட்டினார்கள். காலனியில் கேட்டால் குப்பத்தைக் காட்டினார்கள். குப்பத்துக்காரர்கள், நாங்கள் கடலுக்குப் போய்விட்டோம், எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்றார்கள். ஊரில் ஒருத்தர்கூட எல்லப்பனுக்குப் போடவில்லை. பெட்டி மட்டும் நிரம்பியிருந்தது.

இந்த எரிச்சலையெல்லாம் ஓடத்துக்கே கொண்டுவந்து கொட்டினார்கள். பழைய பிரசிடெண்டிடம் குறை சொல்ல வேண்டுமானால் அவர் வீட்டு வாசலில் நின்று கனைக்க வேண்டும். தூங்குகிறார் என்று உள்ளேயிருந்து பதில் வரும். புதுப் பிரசிடெண்டோ கழியும் கையுமாக எதிரிலேயே நிற்கிறார், எங்கும் ஓட முடியாது. தெருவிளக்குக்கு மண்ணெண்ணெய் ஊற்றவில்லை என்று ஒருத்தர். மாட்டைப் பட்டியில் அடைத்துவிட்டார்கள் என்று ஒருத்தர். கிணற்று ராட்டினம் கிறீச்சிடுகிறது, குழந்தை தூங்கவில்லை என்று ஒரு அம்மாள். ஆள் இறங்கும், அடுத்த ஆள் அடுத்த குறையோடு ஏறும். கால்வாயும் அதே அகலம்தான், கழியும் அதே கழிதான். ஆனால் ஒரு தடவை போய் வருவதற்குள் எல்லப்பனுக்கு மாமல்லபுரம் வரை நடந்தது போல் ஓய்ச்சலாக இருந்தது.

அதற்குள் பாலத்துக்கான காகிதம் வந்துவிட்டது. பஞ்சாயத்து போர்டின் தீர்மானம், பிரசிடெண்டு கையெழுத்தோடு, திங்கட்கிழமைக்குள் செங்கல்பட்டு ஆபீசில் சேர வேண்டும்; இல்லாவிட்டால் அடுத்த வருஷம்தான் என்றது அது. மெம்பர்கள் கூடித் தீர்மானம் போட்டார்கள். எல்லப்பன், பார்ப்போம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார். அன்றிலிருந்து ஓடத்தில் ஏறுகிறவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். தன் பிழைப்பைத் தானே எழுதிக் கொடுப்பானா என்று அவர் முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். ஓடத்தில் முதுகுக்குப் பின்னால் பேசினால் காதில் விழாமல் எங்கே போகும்?

திங்கட்கிழமை காலை பஸ்ஸுக்குப் போக ஓடம் நிறைந்திருந்தது. குமாஸ்தா அருணகிரி காகிதத்தைத் தோல்பையில் வைத்து மடியில் அணைத்துக்கொண்டிருந்தார். எப்படியாவது கையெழுத்து வாங்கிவிடலாம் என்று வெங்கடராகவனும் கூட வந்திருந்தார். உப்பளத்து வேலைக்குப் போகும் தேவசகாயம் ஓரமாக உட்கார்ந்திருந்தான். பாதித் தூரம் போனதும் எல்லப்பன் கழியைச் சேற்றில் ஆழமாக ஊன்றி ஓடத்தை நிறுத்தினார். எனக்கு ஓட்டுப் போட்டது யார் என்று தெரியாமல் ஓடம் நகராது என்றார்.

பஸ் போய்விடும் என்று அருணகிரி முனகினார். போகட்டும் என்றார் எல்லப்பன். தேவசகாயம்தான் முதலில் ஆரம்பித்தான்.

"நான்தான் போட்டேன், அண்ணாத்த. காலீல இருந்து பட்டினியா எங்கள இட்டுகினு வந்த. உனுக்கு ஒண்ணுமே வுழாம பூட்டா ஊரே சிரிக்குமேன்னு ஒண்ணு போட்டேன். சாமி எப்படியும் ஜெயிச்சிடுவாருன்னு நெனச்சேன்."

அதற்குப் பின் ஒவ்வொருத்தராக ஒப்புக்கொண்டார்கள். எல்லோரும் சொன்னது ஒரே கதை. ஒரு ஓட்டில் என்ன ஆகிவிடப்போகிறது, பாவம், ஓடக்காரனுக்கு என் ஒன்றாவது இருக்கட்டும் என்று நினைத்திருக்கிறார்கள். அருணகிரியும் தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்றார்.

எல்லப்பன் வெங்கடராகவனைப் பார்த்தார். அவர் அங்கவஸ்திரத்தை இழுத்து விட்டுக்கொண்டார், தண்ணீரைப் பார்த்தார்.

"என்னத்தைப் பார்க்கறே? நான் சொல்லித்தானே நீ நின்னே. ஒண்ணுமே விழலேன்னா பாவம் எனக்குத்தானேன்னு நானும் சிவப்புலதான் போட்டேன். ஆத்திலே இருக்கறவாளையும் போடச் சொன்னேன்."

ஓடத்தில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. இத்தனை நாளும் குறை கேட்டுக் கேட்டு மரத்துப்போயிருந்த எல்லப்பனின் நாக்கு அப்போதுதான் அசைந்தது.

"பாவமா இருந்துச்சா? பாலம் பாலம்னு ஊரே குதிச்சப்ப, இவன் சோத்துக்கு இன்னா பண்ணுவான்னு ஒரு ஆளுக்காவது பாவமா இருந்துச்சா? அதுக்கு ஒரு வாய் தொறக்கல. ஓட்டு மட்டும் மூட்ட மூட்டயா போட்டுட்டீங்க."

தேவசகாயம் ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டான். போன மழையில் ஓடம் நின்றபோது அவன் வேலைக்குப் போக முடியாமல் கரையிலேயே குந்தியிருந்ததை எல்லப்பனும் பார்த்திருந்தார். அவனைக் கொஞ்ச நேரம் வெறித்துப் பார்த்தார். பிறகு கழியைப் பிடுங்கி வெங்கடராகவன் கையில் கொடுத்தார்.

"நீங்க தள்ளுங்க, சாமி. நான் பிரசிடெண்டு. குந்திகினு வரேன்."

வெங்கடராகவன் எழுந்து, வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கழியை ஊன்றினார். ஓடம் நேரே போகாமல் பக்கவாட்டில் திரும்பியது. எல்லப்பன் அவர் உட்கார்ந்திருந்த பலகையில் உட்கார்ந்து, காகிதத்தை எடு என்று அருணகிரியிடம் கை நீட்டினார். கையெழுத்துக்கு முன்னால் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். பாலத்துக்கு வரும் கல், மணல், சுண்ணாம்பு எதுவானாலும் மணவாக்கம் ஓடக்காரனின் ஓடத்தில்தான் ஏற்ற வேண்டும் என்று. தீர்மானத்தை இப்போது திருத்தலாமா என்று அருணகிரி இழுத்தார். மெம்பர்கள் மூன்று பேர் ஓடத்திலேயே இருக்கிறார்கள், கை தூக்கச் சொல்லு என்றார் எல்லப்பன். தூக்கினார்கள். அருணகிரி எழுதினார். எல்லப்பன் தம் பெயரை எழுத்துக் கூட்டிக் கூட்டிப் போட்டு முடித்தார்.

இந்தக் கையெழுத்துக்காகவே காத்திருந்த மாதிரி, பின்பலகையில் இருந்த ஒருவர், பாலம் கோயில் பக்கமாக வந்தால்தான் ஊருக்கு வசதி என்றார். அது எப்படி, குப்பத்துக்கு நேரே வரவேண்டும் என்றார் இன்னொருவர். காலனிக்காரர்களும் பேச ஆரம்பித்தார்கள். எல்லப்பன் கண்ணை மூடிக்கொண்டார்.

பாலம் கட்டி முடித்த பிறகு என்ன செய்வாய், அண்ணாத்த என்று தேவசகாயம் மெதுவாகக் கேட்டான்.

"உப்புப் படகுல மெட்ராசு போறேன்டா. அங்க எவனும் எனக்கு ஓட்டுப் போட மாட்டான்."

அதற்குள் வெங்கடராகவன் தள்ளித் தள்ளி ஓடத்தைக் கிழக்குக் கரைக்கே கொண்டுவந்து சேர்த்திருந்தார். மேற்கே பஸ் ஹாரன் கேட்டது. காகிதம் இன்றைக்குள் போய்ச் சேர வேண்டும் என்று எல்லோரும் ஒரே குரலில் பிரசிடெண்டிடம் முறையிட்டார்கள். எல்லப்பன் எழுந்து கழியை வாங்கிக்கொண்டார்.