ஐந்தாவது ஃபவுல்

நாகி என்பது அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் இல்லை. எங்கள் கம்பெனியின் பெண்கள் கூடைப்பந்து அணியில் புதிதாகச் சேர்கிறவளுக்கு, ஆடுகளத்தில் கூப்பிட மூத்தவர்கள் ஒரு சின்னப் பெயர் வைப்பார்கள். தொமோயே குசாகா என்ற இவளின் முகத்தில் எந்த உணர்ச்சியும் தெரியாது. அதனால் ஜப்பானிய மொழியில் காற்றடங்கிய கடல் என்று பொருள்படும் நாகி. அதே வருடம் சேர்ந்தவள் ரூயி. விடுதியில் இருவருக்கும் ஒரே அறை. நான் அணியின் மேனேஜர். துண்டு துவைப்பதும் ஸ்கோர் எழுதுவதும் என் வேலை.

காலையில் நாகி அலுவலகத்தில் தபால் பிரிப்பாள். மதியத்துக்கு மேல் பயிற்சி. நாலு வருடம் பெஞ்சில் இருந்தாள். ஐந்தாம் வருடம் முதல் ஐவரில் இடம் கிடைத்தது. அந்த சீசனிலேயே இடது முழங்காலில் தசைநார் அறுந்தது. ஆபரேஷன் முடிந்து பத்து மாதம் கழித்துத் திரும்பினாள். ஆறாவது ஆட்டத்தில் மறுபடி அதே முழங்கால்.

இருபத்தைந்து வயதில் அணியை விட்டாள். அவள் அழுது யாரும் பார்த்ததில்லை. கம்பெனியையும் விட்டு வேறு ஊருக்குப் போய், ஞாயிறுதோறும் பள்ளி ஆட்டங்களுக்கு விசில் ஊதினாள். ஒவ்வொரு பரீட்சையாக எழுதி, ஏழு வருடத்தில் லீக் நடுவரானாள்.

அடுத்த வருடம் எங்கள் அரையிறுதிக்கு நடுவராக அவள்தான் வந்தாள். ரூயி அப்போது கேப்டன். அந்த சீசனோடு ஓய்வு என்று அறிவித்திருந்தாள். நாற்பது விநாடி பாக்கி, நாங்கள் ஒரு புள்ளி முன்னால். எதிரணிப் பெண் கூடைக்குக் கீழே எழும்பினாள். ரூயியும் தடுக்க எழும்பினாள். நாகி விசில் ஊதினாள். ரூயிக்கு அது ஐந்தாவது ஃபவுல், வெளியே போக வேண்டும். எதிரணியின் இரண்டு ஃப்ரீ த்ரோவும் கூடையில் விழுந்தன. தோற்றோம்.

நாகி அந்த ஆட்டத்தின் வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறாள். தன் தீர்ப்பு தவறு என்று நடுவர் குழுவுக்குத் தானே எழுதினாள். அவளை நாலு ஆட்டம் நிறுத்தி வைத்தார்கள். பிறகு ஒரு இனிப்புப் பெட்டியோடு ரூயியைப் பார்க்க விடுதி அறைக்கு வந்தாள். நானும் அந்த அறையில் இருந்தேன்.

"உன் கை பந்துலதான் பட்டுது. நான் தப்பா ஊதிட்டேன்," என்றாள்.

"அது எனக்கு அப்பவே தெரியும்டி. இப்ப எதுக்கு வந்த? உன் மனசு லேசாகறதுக்கா?"

நாகி சற்று யோசித்தாள். "ஆமா," என்றாள்.

ரூயி பெட்டியைத் தொடவில்லை. நாகி குனிந்து வணங்கிவிட்டுப் போனாள்.

இரண்டு வருடம் இருவருக்கும் பேச்சில்லை. ரூயி சொந்த ஊர்ப் பள்ளியில் பயிற்சியாளரானாள். ஒரு நாள் என்னிடம் நாகியின் எண்ணைக் கேட்டு வாங்கி, அவளையே கூப்பிட்டாளாம்.

"சனிக்கிழமை மேட்ச் இருக்கு. விசில் ஊத ஆள் இல்ல. வரியா?"

நாகி போனாள். முதல் பாதியிலேயே ரூயி மூன்று முறை ஆடுகளக் கோட்டைத் தாண்டி வந்து தீர்ப்புக்காகச் சண்டை போட்டாள். நான்காவது முறை நாகி அவளுக்கு, ஒழுங்கு மீறினால் கொடுக்கும் டெக்னிக்கல் ஃபவுல் கொடுத்தாள். மதியம் இருவரும் ஜிம் படிக்கட்டில் உட்கார்ந்து சோற்றுருண்டை தின்றார்களாம். முழங்கால் இப்போது எப்படி என்று ரூயி கேட்டாளாம். குளிர்காலத்தில் வலிக்கிறது என்று நாகி சொன்னாளாம்.