பெல்ட்டின் மறுமுனை

லேத்து வாங்க நான் மூன்று வருடம் யோசித்தேன். கல்யாணம் செய்துகொள்ள மூன்று நாள்தான் யோசித்தேன். வெள்ளிக்கிழமை பெண் பார்த்தேன், திங்கட்கிழமை சம்மதம் சொல்லி அனுப்பினேன். என் மனைவி சென்னியம்மாள் இதைச் சொல்லாத வீடு எங்கள் ஊரில் கிடையாது.

சேலத்தில் ஒரு நூல் மில்லின் பட்டறையில் எட்டு வருடம் இரும்பு கடையும் லேத்து ஓட்டியவன் நான். அருணகிரி கடைந்த புஷ் என்றால் அளந்து பார்க்க வேண்டாம் என்பார்கள். அப்படி யாரும் சொல்லாத நாட்களில் நானே சொல்லிக்கொள்வேன். வேலையை விட்டுவிட்டு, பரமத்தி வேலூர் பக்கம் என் ஊருக்கே வந்து, வீட்டோடு சின்னதாக ஒரு பட்டறை வைக்க வேண்டும் என்பது ஆசை. அதற்கு மூன்றடி லேத்து போதும். அந்த மூன்றடிக்காக நான் ஒரு நோட்டு நிறைய எழுதினேன். மயிரிழை ஆட்டத்தையும் காட்டிக்கொடுக்கும் டயல் கேஜ் ஒன்றைச் சோற்றுப் போசியோடு பையில் போட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் சேலத்தில் பழைய இயந்திரம் விற்கிற கொட்டகை ஒன்று விடாமல் ஏறி இறங்கினேன். ஒன்றில் பல்சக்கரம் சத்தம் போடும். இன்னொன்றில் முதுகு தேய்ந்திருக்கும். எல்லாம் சரியாக இருந்தால் அதன் பச்சை வர்ணம் எனக்குப் பிடிக்காது.

"எம்பட அப்பன் என்னைக் குடுக்கறப்ப உங்களை இப்படிச் சோதிச்சுப் பாத்திருந்தா, எனக்கு ஊட்டுல நல்ல பொழைப்பு இருந்திருக்குமுங்க" என்பாள் சென்னியம்மாள்.

என் அக்கா அத்தாயி மட்டும் என்னைக் கேலி செய்ததில்லை. மாமா போன பிறகு ஒற்றை ஆளாக நின்று ஒரு ஏக்கர் வெற்றிலைக் கொடிக்காலை வளர்த்தவள். அவள் சாப்பாடு, அவள் மகளின் கல்யாணம் எல்லாமே அந்த ஒரு ஏக்கர்தான். என்னை மேதை என்று நம்பிய ஒரே ஜீவனும் அவள்தான். அந்த நம்பிக்கையில், நான் சொன்னேன் என்று, கிணற்றில் கவலை கட்டித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த இரண்டு எருதுகளையும் விற்று ஆயில் இன்ஜின் வைத்தாள். "மாடு நின்னாலும் தீனி திங்கும்க்கா, இன்ஜின் ஓடுனாத்தான் எண்ணெய் குடிக்கும்" என்று நான் பேசிய பேச்சு அப்படி.

1959 பங்குனியில் மில்லை விட்டேன். எங்கள் வீட்டுக்கும் அக்கா கிணற்றுக்கும் பத்தடி தூரம். இன்ஜின் அறையை ஒட்டினாற்போல் கீற்றுக் கொட்டகை போட்டேன். லேத்து மட்டும் இன்னும் முடிவாகவில்லை. சித்திரை பிறந்து நாலாம் நாள் அக்காவின் இன்ஜின் நின்றது. திறந்து பார்த்தேன். சுழல் தண்டைத் தாங்கும் வெண்கல வளையமான புஷ் ஒன்று தேய்ந்து ஓடாகிப் போயிருந்தது.

கொடிக்கால் மண் காயவே கூடாது. சித்திரை வெயிலில் நாலு நாள் தண்ணீர் இல்லையென்றால் இலை சுருளும். ஒரு வாரம் போனால் கொடியையே மறந்துவிட வேண்டியதுதான். நாமக்கல் பட்டறையில் கேட்டால் வரிசை இருக்கிறது, பத்து நாள் ஆகும் என்றார்கள். சேலத்துக்கே கொண்டுபோய்க் கெஞ்சிப் பார்க்கலாம் என்றாள் அக்கா.

நான் விடுவேனா? "லேத்துக்காரனை ஊட்டுல வெச்சுக்கிட்டு வெளிய கெஞ்சறதாக்கா? மூணு நாள் பொறுங்க. என்ற லேத்துலயே கடைஞ்சு தாரேன்" என்றேன்.

அன்றே சேலம் போனேன். சவரிராயன் என்பவரின் கொட்டகையில் மூன்றடி லேத்து ஒன்று நின்றது. டயல் கேஜை வைத்துப் பார்த்தேன், முள் அசையவில்லை. என் நோட்டில் எழுதியிருந்த பதினேழு சோதனைகளிலும் தேறியது. வர்ணம்கூடச் சாம்பல் நிறம்.

"இது மோட்டார் இல்லாத லேத்து தம்பி. பெல்ட்டை எதுல மாட்டுவீங்க?" என்று கேட்டார் சவரிராயன்.

"எங்கக்கா தோட்டத்துல ஆயில் இன்ஜின் இருக்குதுங்க. ஒரே ஒரு புஷ்தான் போச்சு. அதைக் கடையத்தான் இந்த லேத்தே வாங்கறேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் இடம் கொடுக்காமல், லேத்து வாங்கும்போது ஒருவன் கவனிக்க வேண்டியவை என்னென்ன என்று அவருக்கே அரை மணி நேரம் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

லாரியில் பரமத்தி வேலூர் வந்து, அங்கிருந்து பக்கத்துத் தோட்டத்துக் குமாரசாமியின் மாட்டு வண்டியில் லேத்து வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது தண்ணீர் நின்று நாலு நாள் ஆகியிருந்தது. அக்காவும் அவள் மகளும் குடத்தில் மொண்டு மொண்டு ஊற்றித் தோள் வீங்கிப் போயிருந்தார்கள். ஓரத்து வரிசைகளில் இலை சுருளத் தொடங்கியிருந்தது. நான் நிதானமாக மட்டம் பார்த்து லேத்தை நிறுத்தினேன். சந்தனம் வைத்தேன். அக்கா தேங்காய் உடைத்தாள்.

"ஓட்டு சாமி" என்றாள்.

புஷ் கடைய வாங்கி வந்திருந்த வெண்கலத் துண்டைப் பூட்டினேன். பெல்ட்டை லேத்தில் மாட்டினேன். மறுமுனையைக் கையில் பிடித்துக்கொண்டு இன்ஜின் அறைக்குள் போனேன். அங்கே இன்ஜின் குடலைத் திறந்து போட்டபடி, புஷ் இல்லாமல் கிடந்தது.

மில்லில் பெல்ட் கூரையிலிருந்து இறங்கி வரும். காலையில் சங்கு ஊதினால் ஓடும், மாலையில் ஊதினால் நிற்கும். அதன் மறுமுனை எங்கே இருக்கிறது என்று எட்டு வருடத்தில் நான் ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்த்ததில்லை.

"ஏஞ்சாமி நின்னுட்டே?" என்றாள் அக்கா.

முதலில் புரிந்துகொண்டது சென்னியம்மாள்தான். வாயில் முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டு வெளியே ஓடினாள். பிறகு குமாரசாமிக்குப் புரிந்து, அவர் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. கொடிக்கால் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நீ சொன்னீன்னுதான் மாட்டை வித்தேன்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கத்தால் என்று பிற்பாடு சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம். அவளுடைய ஒரு ஏக்கரையும் நான் வாயாலேயே காய வைத்துவிட்டேன்.

சிரித்து முடித்துவிட்டு வந்த சென்னியம்மாள் என் கையிலிருந்த பெல்ட்டைப் பார்த்தாள். பிறகு குமாரசாமியின் வண்டியைப் பார்த்தாள். "ஏனுங்க, அந்தச் சக்கரம் அந்தரத்துல நின்னாச் சுத்தாதுங்களா?" என்றாள்.

வண்டியைக் கொட்டகை ஓரமாகத் தள்ளி, ஒரு பக்கம் கல் அடுக்கித் தூக்கி நிறுத்தி, அசையாமல் கட்டினோம். ஆள் உயரச் சக்கரம் தரையில் படாமல் தொங்கியது. இரும்புப் பட்டையில் பெல்ட்டை மாட்டி, வழுக்காமலிருக்கக் குங்கிலியத்தூள் தடவி, ஆரக்காலில் ஒரு கட்டையைக் கைப்பிடியாகக் கட்டினேன். அக்காவும் சென்னியம்மாளும் ஆளுக்கொரு பக்கம் நின்று சுற்றினார்கள். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் லேத்து ஏழெட்டுச் சுற்றுச் சுற்றியது. வெண்கலம் பொன் சுருளாக உரிந்து விழுந்தது. அந்தச் சமயத்தில்கூட, நல்ல லேத்து என்று எனக்கு ஒரு பெருமை வந்ததை மறைக்க மாட்டேன்.

வெயில் தாழ்வதற்குள் புஷ் ஆகிவிட்டது. பூட்டி இன்ஜினைச் சுற்றினேன். மூன்றாவது சுற்றில் உறுமியது. வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் அக்கா அதில் இறங்கி நின்றுகொண்டாள். ஓரத்து நாலு வரிசை போனது போனதுதான். மற்றதெல்லாம் பிழைத்தது. அக்கா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் அன்று சாப்பிட்டிருப்பேன்.

அடுத்த வாரம் அவள் விடியற்காலை சந்தைக்குப் போய், உச்சி வெயிலுக்கு முன்பே ஒரு ஜோடி எருதுகளை ஓட்டிக்கொண்டு வந்தாள்.

"அதுக்குள்ளயா? எப்படிக்கா பாத்து முடிச்சீங்க?" என்றேன்.

"என்னத்தைப் பாக்கறது சாமி? எது இழுக்குதுன்னு பாத்தேன்" என்றாள்.