திரியின் மறுமுனை

கலப்பத்து மேஸ்திரிக்குக் காது அறவே போய்விட்டது என்பது உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். அவளும் போன மாதம் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

மரப்படகின் பலகை இடுக்குகளில் பஞ்சுத் திரியை உளியால் அடித்து இறக்கி, மேலே கீல் பூசித் தண்ணீர் புகாமல் அடைப்பதுதான் கலப்பத்து. காலமெல்லாம் பக்கத்திலேயே கொட்டாப்புளி என்கிற மரச் சுத்தியல் இடித்தால் காது என்ன செய்யும், பாவம்? ஆனால் அந்த வேலைக்குக் கண்ணைவிடக் காதுதான் முக்கியம். திரி நிறையாத வரை அடி மொத்தென்று விழும். நிறைந்ததும் பலகை கணீரென்று பேசும். அங்கே நிறுத்திவிட வேண்டும். மேலும் மேலும் அடித்தால் திரி இடுக்கைத் தாண்டி உள்பக்கம் பிதுங்கிவிடும். அப்படி அடைத்த படகில் கடலுக்குப் போகிறவன் வீடு திரும்பினால் அது அவன் அதிர்ஷ்டம்.

இதற்கு மேஸ்திரியின் மனைவி ஒரு வழி கண்டுபிடித்தாள். கவிழ்த்துப் போட்ட வாளியில் அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வாள். அவன் மடித்து மடித்து இறக்க, அவள் திரியை விட்டுக்கொண்டே இருப்பாள். கணீரென்றதும் திரியை இறுக்கிப் பிடிப்பாள். அவன் கை நின்றுவிடும். பார்க்கிறவர்களுக்கு ஒரு பெண்பிள்ளை சும்மா திரி விடுகிறாள், அவ்வளவுதான். காதும் காதும் வைத்த மாதிரி பத்து வருஷம் ஓட்டினாள் மகராசி. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை என்று பட்டறையில் அவனுக்குத் 'துரை' என்று பட்டப்பெயர் வேறு.

"துரைக்குத் தலைக்கனம்னு பேசிக்கிறாங்க. பேசட்டுமே! செவிடுன்னு சொல்றதுக்கு இது எவ்வளவோ தேவலை" என்று அவன் முகத்தைத் தன் பக்கம் திருப்பிவைத்துச் சொல்லிச் சிரிப்பாள்.

இதற்கெல்லாம் சிரிக்காதவன் ஒருவன் இருந்தான், அவளுடைய தம்பி. "எங்கக்காவை வெயில்ல வாட்டி வேலை வாங்குறான் பாவி" என்று சொல்லி, அந்த வீட்டுப்படி ஏறுவதையே விட்டுவிட்டான். சாவுக்குத்தான் வந்தான். வந்த இடத்திலும் மேஸ்திரியோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவனுடைய பழைய படகு இப்போது பட்டறையில் நிற்கிறதென்றால், தம்பி படகைத் தன் புருஷன்தான் அடைக்க வேண்டும் என்று கடைசியாக அவள் கேட்டுக்கொண்டதால்தான்.

மேஸ்திரி காலையிலேயே ஆரம்பித்துவிட்டான். திரிக் கூடையை வாளிக்குப் பக்கத்தில் வைத்தான். உட்கார ஆளில்லாத வாளி. எடுத்து ஓரமாகப் போட மனசு வரவில்லை. கொஞ்சம் அடிப்பான், உளியை வைத்துவிட்டுப் பலகையில் உள்ளங்கையை ஊன்றித் தட்டி அதிர்வு பார்ப்பான். காய்த்துப்போன கை, சூடான கீலே அதற்கு உறைக்காது. ஒன்றும் பிடிபடவில்லை. ஒவ்வொரு அடிக்கும் பிறகு திரி இறுகுமா என்று உடம்பு தானாகக் காத்திருந்தது. கூடைக்கு என்ன தெரியும்? இழுக்க இழுக்கத் திரி வந்துகொண்டே இருந்தது, அவனும் அடித்துக்கொண்டே இருந்தான்.

தோளை யாரோ பிடித்து உலுக்கியபோதுதான் திரும்பினான். மச்சினன் முகம் சிவக்க நின்றுகொண்டிருந்தான். கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் படகுக்குள் ஏற்றினான். உள்ளே இடுக்கு நெடுகப் பஞ்சு பிதுங்கித் தொங்கியது.

"என்ன மாமா இது? நான் உள்ளேர்ந்து தொண்டை கிழியக் கத்துறேன், நீங்க பாட்டுக்கு அடிக்கிறீங்க! அக்கா போன இடத்துக்கு என்னையும் அனுப்பிடலாம்னு பாக்குறீங்களா?"

உதட்டைப் பார்த்தே மேஸ்திரிக்கு முழுசும் புரிந்துவிட்டது. வேறு யாராவது என்றால் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பான். இவன் அவள் கூடப் பிறந்தவன், இந்தப் படகில் போகப்போகிறவன்.

"எனக்குக் காது கேக்காது மச்சான். சுத்தமா கேக்காது."

"எப்போலேர்ந்து?"

"பத்து வருஷம் ஆச்சு. உங்கக்காதான் எனக்காகக் கேட்டா." வாளியையும் திரியையும் காட்டி, அவள் இறுக்கிப் பிடிப்பதைச் சொன்னான்.

மச்சினன் படகுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டான். "உங்களை என்னென்னமோ திட்டினேனே மாமா. அப்பவும் ஒரு வார்த்தை சொல்லலையே அவ. நான் அவ வீட்டுக்கே வராம..." அதற்குமேல் உதடு நடுங்கியதில் மேஸ்திரியால் ஒன்றையும் பிடிக்க முடியவில்லை. பிடித்துத்தான் தெரிய வேண்டும் என்பதும் இல்லை.

கெட்ட திரியை இருவருமாகக் கொக்கியால் பிடுங்கி எடுத்தார்கள். பிறகு மச்சினன் போய் வாளியில் உட்கார்ந்தான். மேஸ்திரிக்குச் சுருக்கென்றது. அது அவள் இடம். வேண்டாம் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, எந்தச் சத்தம் வந்தால் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தான்.

அடித்தான். திரி இறுகியது. கை நின்றது. அவன் திரும்பவில்லை. திரும்பாத வரை பின்னால் இருப்பது அவள்தான்.

உள்ளே ஏறிப் பார்த்தார்கள். ஒரு நூல்கூடப் பிதுங்கவில்லை. முதல் தடவையே சரியாக வந்துவிட்டது. தப்பாகப் போயிருந்தால் தேவலை என்றிருந்தது மேஸ்திரிக்கு. காதுள்ளவர் யார் உட்கார்ந்தாலும் படகுக்குப் போதும்.

"சரியா இருக்கா மாமா?" மச்சினன் முகத்துக்கு நேரே வந்து மெதுவாகக் கேட்டான்.

மேஸ்திரி தலையாட்டினான். கொட்டாப்புளியைக் கீழே போட்டான். படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதான். பட்டறையில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். எவ்வளவு சத்தமாக அழுகிறோம் என்று அவனுக்குத்தான் தெரியவில்லை.