வளரும் கைக்கு விட்ட துணி

என் வீட்டுக்காரர் தையல்காரர். பிள்ளைகளுக்குச் சட்டை தைத்தால் கையை ஒரு பிடி பெரிதாகத்தான் தைப்பார். கேட்டால், அடுத்த வருஷமும் போட வேண்டாமா என்பார். அவர் புண்ணியத்தில் தெருப் பிள்ளைகளில் பாதிப் பேர் அப்பன் சட்டையை மாட்டிக்கொண்டதுபோல் திரிந்தார்கள்.

எங்கள் மகள் வில்வித்தை கற்றுக்கொண்ட அந்த நாட்களில் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. அளவு கொடுக்க வந்தவரைக் கையை நீட்டச் சொல்வார். நீட்டியதும், என் பொண்ணு இப்படித்தான் வில்லைப் பிடிச்சு நிப்பா என்று ஆரம்பித்துவிடுவார். நாடா அவர் கழுத்திலேயே தொங்கும். வந்தவர் பாவம், நீட்டிய கையோடு கதை கேட்பார். பட்டன் தைத்துக்கொண்டிருக்கும் எனக்கு எரிச்சலாக வரும். உள்ளுக்குள் எனக்கும் பெருமைதான், அவரைப்போல் ஊரைக் கூட்டவில்லை.

தேர்வுப் போட்டி வந்தது. தேறினால் வெளியூர் விடுதியில் தங்கிப் பயிற்சி. தேறாவிட்டால் எங்களோடு வீட்டில். அதற்கென்று புதுச் சட்டை தைத்தார். பழக்கதோஷம், கையில் துணியை விட்டுவிட்டார்.

முதல் சுற்றில் அம்பெல்லாம் ஓரத்துக்கே போனது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவருக்கு விளங்கிவிட்டது. நாணை விடும்போதெல்லாம் தொளதொளத்த சட்டைக் கை அதில் தட்டிக்கொண்டிருந்தது. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

இடைவேளையில் மகள் வேலியோரம் ஓடி வந்தாள். திட்டவில்லை, அழவில்லை. சட்டைக் கை இடிக்குதுப்பா என்று சொல்லி, வில் பிடிக்கும் இடது கையைக் கம்பிகளுக்கு நடுவே நீட்டினாள்.

அவர் காலர் மடிப்பில் எப்போதும் நூல் கோத்த ஊசி ஒன்று இருக்கும். அதை எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்றார். நான் முழங்கையால் இடித்த பிறகுதான் துணியை மடித்துத் தைக்கத் தொடங்கினார்.  

"மெதுவா தைங்கப்பா. நான் ஆட மாட்டேன்" என்றாள்.

அவள் கை துளியும் ஆடவில்லை. மீதி அம்புகள் நடுவிலேயே போய் விழுந்தன. தேறிவிட்டாள். பள்ளி விட்டு வந்து அவள் உட்காரும் ஸ்டூலில் அடுத்த மாதமே துணி மூட்டையை வைத்தோம்.

வருஷங்கள் ஓடிவிட்டன. விடுமுறைக்கு வருகிறாள், விருந்தாளிபோல் போகிறாள். அந்தச் சட்டை பீரோவில் இருக்கிறது. அவர் கைத்தையலைப் பிரிக்க விடமாட்டார். வீடு வெறிச்சென்று கிடந்த ஒரு சாயங்காலம் எனக்கு ஆற்றாமை தாங்கவில்லை, கேட்டுவிட்டேன்.

"அன்னைக்கு ஊசி இல்லன்னு சொல்லியிருந்தா அவ நம்மகூடவே இருந்திருப்பால்ல?"

மிஷினை மூடியபடி அவர் சொன்னார்:

"ஊசிய எடுத்ததும் எனக்கும் அதான் தோணுச்சு. ஆனா அவ கைய நீட்டிட்டாளே."