இரண்டு ஜோடி செருப்பு

அந்தச் சபையில் ஒரு வழக்கம். மாதத்தில் ஒரு ஞாயிறு போதகர் பிரசங்க மேடைக்கு ஏறமாட்டார். சபையாரில் யாராவது ஏறி ஐந்து நிமிடம் பேச வேண்டும். இந்த முறை சீட்டு விழுந்தது தையல்கடைக்காரிக்கு. அவளை எல்லாரும் ‘ஊசி’ என்றுதான் கூப்பிடுவார்கள். தொழிலால் பாதி, வாயால் பாதி வந்த பெயர்.

அவளுக்குக் கொடுத்த பகுதி, எரிகோ ஊருக்குப் பக்கத்தில் இயேசு குருடருக்குக் கண் கொடுத்த கதை. மிஷின் பக்கத்திலேயே பைபிளை விரித்துவைத்துப் படித்தாள். மாற்கு எழுதியதில் ஒரு குருடன், அப்பன் பெயரோடு அவன் பெயரும் இருக்கிறது. லூக்காவிலும் ஒருவன். மத்தேயுவைப் புரட்டினால் இரண்டு பேர்! ஊசிக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையில் இருந்த சட்டையை அப்படியே போட்டுவிட்டு நேரே போதகர் வீட்டுக்குப் போனாள்.

“ஐயா, இதுல யார் சொல்றது நிஜம்?”

“எல்லாமே நிஜந்தாம்மா. ரெண்டு பேர் இருந்தா, அதுல ஒருத்தன் இருந்திருப்பான்ல? மாற்கு ஒருத்தனைப் பத்திச் சொன்னார். ஒருத்தன் மட்டும்தான் இருந்தான்னு எங்கயும் சொல்லலையே.”

“காதுல பூ சுத்தாதீங்க ஐயா. அந்த இன்னொருத்தனுக்கும்தானே கண்ணு வந்துச்சு? அவனை ஏன் விடணும்?”

“ஏதாவது காரணம் இருந்திருக்கும். என்னன்னு கேட்டா எனக்குத் தெரியாது” என்றார் போதகர். நல்ல மனுஷர், தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லமாட்டார்.

“அவன் பொண்டாட்டியை நினைச்சுப் பாருங்க. ஊரே ஒருத்தன் ஒருத்தன்னு பேசுது. அப்போ நீ எங்கய்யா போயிருந்தேன்னு அவ கேட்டிருக்க மாட்டாளா?”

போதகர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஊசி சிரிக்கவில்லை. அவளுக்கு நியாயம் நியாயம்தான்.

மறுநாள் கடைக்கு ஒரு அம்மா வந்தார். ஐம்பது வயதிருக்கும். பள்ளிக்கூடம் ஒன்றில் துப்புரவு வேலையாம். கோட்டின் உள்துணி கிழிந்து தொங்கியது. ஸ்டூலில் உட்கார்ந்து மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், மெழுகு பூசிய தடிமனான பச்சை நூல்கண்டைக் கையில் எடுத்தார்.

“இந்த நூலைப் பாத்ததும் ஒண்ணு ஞாபகம் வருது. முன்னாடி நான் மீன் கிடங்குல கூட்டிப் பெருக்கிட்டு இருந்தேன். குளிர் அறைக்குள்ள போறவங்க பூட்ஸ் மாட்டிக்குவாங்க, செருப்பை வெளியே விட்டுடுவாங்க. ஒருநாள் சாப்பாட்டு மணி அடிச்சு அரைமணி நேரம் ஆச்சு, கதவுகிட்ட ரெண்டு ஜோடி செருப்பு கெடக்கு. அதுல ஒண்ணோட வாரை இதே மாதிரி பச்சை நூலால குறுக்கும் நெடுக்குமா தைச்சிருந்துச்சு.”

ஊசியின் கால் மிஷினில் அப்படியே நின்றது.

“ஒரு ஜோடின்னா, யாரோ பூட்ஸோடவே வீட்டுக்குப் போயிட்டாங்கன்னு ஓரமா தள்ளிட்டுப் போயிருப்பேன். ரெண்டு பேருமா மறப்பாங்க? சந்தேகம் வந்து கதவைத் தொறந்தேன். உள்பக்கக் கைப்பிடி உடைஞ்சுபோயி ரெண்டு பேரும் மாட்டிக்கிட்டு இருந்திருக்காங்க. உதடெல்லாம் நீலம். ஒருத்தர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாரு, நான் இங்க இருந்ததை மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்கன்னு. பாவம், என்ன கஷ்டமோ! நானும் இன்னிக்கு வரைக்கும் சொல்லல.”

“எப்போ நடந்துச்சு?”

“பதினோரு வருஷம் இருக்கும்.”

கோட்டை ஞாயிற்றுக்கிழமை காலை சபைக்கு வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லி முகவரி எழுதிக் கொடுத்தாள்.

அந்தக் குளிர் அறைக் கதை சபையில் எல்லாருக்கும் மனப்பாடம். சொல்கிறவர் ஊசியின் கணவருடைய சிநேகிதர், ‘ஐஸ் அண்ணன்’. வருஷம் தவறாமல், ஆண்டவர் செய்த நன்மையைச் சாட்சி சொல்லும் ஞாயிறன்று எழுந்து, கதவு மூடியதிலிருந்து திறந்தது வரை அழுதுகொண்டே சொல்லுவார். ஊசி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தக் கதையில் இன்னொரு ஆள் இருந்ததே இல்லை. ஆனால் அந்தப் பச்சைத் தையல் தன் கணவர் செருப்பில் அவள் போட்டது. அவள் கணவரும் அதே கிடங்கில்தான் சுமை தூக்கினார். அது நடந்த வாரம் அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் முடிந்து பத்து நாள். மூன்று மாதம் எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ‘படுக்கையை விட்டு இறங்கமாட்டேன்’ என்று அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தார் மனுஷர்.

சாயங்காலம் அவர் டீ குடிக்க உட்கார்ந்ததும் நூல்கண்டை அவர் முன்னால் வைத்தாள்.

“குளிர் அறை வாசல்ல கெடந்த ரெண்டாவது ஜோடி செருப்பு யாருது?”

அவர் டீயைத் தள்ளிவைத்தார்.

“அன்னிக்கு அவன் சம்சாரத்துக்குப் பிரசவ வலி. கூட வேலை பாக்குறவன் வரல. சீக்கிரம் முடிச்சுட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடணும், தனியா அத்தனை மீன்பெட்டியையும் அடுக்க முடியாதுன்னு போன் பண்ணி அழுதான். நீ கடைக்குப் போயிட்டே. ஒரு மணி நேரம்தானேன்னு போனேன்.”

“தூக்குனீங்களா?”

“தூக்குனேன்.”

“திரும்பி வந்து பார்த்தா நடுங்கிட்டுக் கெடந்தீங்களே! சன்னல் காத்து ஒத்துக்கலன்னு சொன்னீங்களே! நானும் நம்பி அந்தச் சன்னல் இடுக்கு பூராவும் துணி வெச்சு அடைச்சேனே!”

“ஆமா.”

“செத்திருந்தா?”

“உள்ள உக்காந்து அதைத்தான் நினைச்சேன். நான் செத்தா நீ என்னைக் கொன்னுடுவேன்னு.” அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. “அப்பதான் உங்கம்மா போய் ஒரு மாசம். என்னைப் பாத்துப் பாத்தே நீ பாதியாயிட்டே. இதையும் எப்படி உன் தலையில போடுறது? யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு அவன்கிட்ட வாக்கு வாங்கினேன். பாவம், இன்னிவரைக்கும் காப்பாத்துறான்.”

மூன்று நாள் ஊசி அவரோடு பேசவில்லை. சோறு வைத்தாள், சட்டை தேய்த்தாள், வாயைத் திறக்கவில்லை. பதினோரு வருஷப் பொய்! இதையே மறைத்தவர் இன்னும் எதை எதை மறைத்தாரோ? மேடையில் ஏறி இரண்டு பேரையும் கிழி கிழியென்று கிழித்துவிட்டால் என்ன? சனிக்கிழமை கோட்டுக்கு உள்துணி வைத்துத் தைக்கும்போதும் இதே நினைப்புதான். பாதித் தையலில் அந்த அம்மா சொன்னது திரும்ப வந்தது. ஒரு ஜோடின்னா ஓரமா தள்ளிட்டுப் போயிருப்பேன். ஊசி மிஷினை நிறுத்தினாள். கோட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை மேடை ஏறினாள். கடைசி வரிசையில் அந்த அம்மா வந்து உட்கார்ந்திருந்தார். இரண்டாவது வரிசையில் அவள் கணவர். பக்கத்தில் ஐஸ் அண்ணன், அவர் மடியில் சாய்ந்தபடி பதினோரு வயது மகள்.

“குருடன் ஒருத்தனா, ரெண்டு பேரான்னு நானே ஐயாகிட்டப் போய்ச் சண்டை போட்டேன்” என்று ஆரம்பித்தாள். “இன்னொருத்தனை ஏன் சொல்லலன்னு கேட்டேன். பைபிள்ல என்ன காரணமோ, எனக்குத் தெரியாது. நம்ம சபையில ஏன் சொல்லலன்னு தெரியும். அந்த இன்னொருத்தர் பொண்டாட்டிக்குப் பயந்தவர்.”

சபை சிரித்தது. அவள் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். ஐஸ் அண்ணன் திடுக்கிட்டு எழுந்தேவிட்டார்.

“உக்காருங்க அண்ணா. நீங்க பொய் சொல்லல. வருஷா வருஷம் நீங்க சொன்னதையெல்லாம் யோசிச்சுப் பாத்தேன், ஒருநாள்கூட நீங்க தனியா இருந்தேன்னு சொன்னதில்ல. குளிர் அறையில ரெண்டு பேர் இருந்தாங்க. கதவைத் தொறந்தவங்க அதோ, கடைசி வரிசையில இருக்காங்க.”

எல்லாத் தலையும் திரும்பியது. அந்த அம்மா என்ன செய்வதென்று தெரியாமல் பாதி எழுந்து நின்றார்.

“வெளியே ஒரு ஜோடி செருப்பு மட்டும் கெடந்திருந்தா தொறந்திருக்க மாட்டேன்னு அவங்க சொன்னாங்க. ரெண்டு ஜோடி கெடந்ததாலதான் தொறந்தாங்களாம். இது உங்க ரெண்டு பேருக்குமே தெரியாது.”

ஐஸ் அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டார். பக்கத்தில் இருந்தவரின் தோளை இன்னொரு கையால் இறுக்கிப் பிடித்தார். மகள் ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“பதினோரு வருஷமா இந்த அண்ணன் நன்றி சொல்றப்பல்லாம் எப்படா முடிப்பாருன்னு உக்காந்திருந்தேன். அது என் வீட்டு நன்றின்னு எனக்குத் தெரியாம போச்சு. ஆண்டவரே, மன்னிச்சுக்குங்க. அம்மா, நீங்க நல்லா இருக்கணும்.” மூன்று நாளுக்குப் பிறகு முதல்முறையாகக் கணவரைப் பார்த்துப் பேசினாள். “ஏங்க, போகாதீங்கன்னு உங்ககிட்டச் சத்தியம் வாங்கினேன். நல்லவேளை, நீங்க கேக்கல.”

வீட்டுக்குத் திரும்பியதும் சேலையைக்கூட மாற்றாமல் படுக்கையறைக்குப் போய், சன்னல் இடுக்கில் அடைத்திருந்த துணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள்.

“காத்து அடிக்குமே” என்றார் அவர் வாசலில் நின்றபடி.

“அடிக்கட்டும். பாவம், அந்தச் சன்னல் என்ன பண்ணுச்சு?” என்றாள் ஊசி.