ஆறேகால் வேன்

என் வீட்டுக்காரர் தமிழரசு இறந்த நாற்பத்தோராம் நாள் எங்கள் நாய் இஸ்மாயிலின் பைக்குக்குக் குறுக்கே பாய்ந்தது. நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. பக்கத்துத் தெரு இஸ்மாயிலுக்குத்தான் கை பிசகி, புத்தூர் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். நல்ல மனுஷன், போலீசுக்குப் போகவில்லை. ஆனால் வீட்டு ஓனர் கோவிந்தம்மாள் மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்டார்.

"தாட்சாயணி, எத்தினி நாள் பார்த்துக்கினு இருக்கிறது? நாயை அடக்கு. இல்லன்னா எங்கயாவது கொண்டுபோய் விட்டுடு. இந்த மாசத்தோட சரி."

சரி என்றேன். அந்த நாட்களில் எதைச் சொன்னாலும் சரிதான். சாவு வீட்டில் நான் அழவில்லை என்று என் நாத்தனார் இன்னும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். வரவில்லை, என்ன செய்வது? பல் பிடுங்க ஊசி போட்ட வாய் மாதிரி உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. நாயைக் கொண்டுபோய் விடுகிற பேச்சு மட்டும்தான் கொஞ்சம் சுருக்கென்றது. அந்த வீட்டில் அவரைத் தெரிந்த இன்னொரு உயிர் அதுதான்.

நாயின் பெயர் மேனேஜர். அவர் வைத்த பெயர். சித்தூரில் மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் பாய்லர் பார்த்தார். என்னைப் பார்த்தால் சந்தோஷப்படுகிற ஒரே மேனேஜர் இவன்தான் என்பார். தினம் சாயங்காலம் ஆறேகாலுக்கு ஃபேக்டரி வேன் திருப்பதி வந்து, எங்கள் வீட்டுக்கு எதிரே, ரோட்டின் அந்தப் பக்கம் அவரை இறக்கிவிடும். டிபன் பாக்ஸில் ஒரு வாய் மிச்சம் வைத்திருப்பார். அதற்காக மேனேஜர் ரோட்டைத் தாண்டி ஓடும். அவர் போன பிறகும் ஓடியது. பகலெல்லாம் கேட்டைச் சுரண்டும், செருப்பைக் கடிக்கும், காரணமில்லாமல் குரைக்கும். ஆறேகாலானால் ஒரே பாய்ச்சல்.

திருச்சானூர் பக்கம் ஹரிபிரசாத் என்று ஒருவர் நாய்களுக்குப் பழக்கம் சொல்லிக்கொடுக்கிறார். போலீஸ் நாய்ப் படையில் இருந்து ரிட்டயரானவர். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, ஓடிப் போனால் அதற்கு என்ன கிடைக்கிறது என்று தெலுங்கில் கேட்டார். ஒன்றும் இல்லை, ஆள்தான் இல்லையே என்றேன். கிடைக்காமல் நாய் இத்தனை நாள் ஓடாது, போய்ப் பாருங்கள் என்றார்.

மறுநாள் நாயைக் கட்டிவிட்டு வேனுக்கு எதிரே போய் நின்றேன். டிரைவர் குணா கையில் இரண்டு பிஸ்கட்டோடு ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தான். வேனில் வருகிறவர்கள் முறை போட்டு வாங்கி வருகிறார்களாம். அந்த இடத்தில் இறங்க இப்போது யாருமே இல்லை. நாய்க்காகத்தான் நிறுத்துகிறார்கள்.

"பாவம்க்கா, அண்ணனைத் தேடிக்கினு வருது. வெறும் வாயோட எப்டிக்கா அனுப்பறது?"

இவர்களுடைய பாசத்தில் நாய் லாரியில் அடிபட்டுச் சாகாமல் இருந்ததே பெரிது. கோபம் வரவேண்டிய இடம், அதுவும் வரவில்லை. இன்னும் பதினைந்து நாள் நிறுத்து, ஆனால் ஒன்றும் கொடுக்காதே என்று மட்டும் சொன்னேன்.

பழக்கம் ஆரம்பமானது. காலையில் பத்து நிமிஷம், மாலையில் பத்து நிமிஷம். உட்கார 'கூர்ச்சோ', அசையாமல் இருக்க 'ஆகு', வர 'ரா'. ஒரு தடவைதான் சொல்ல வேண்டும். செய்தால் உடனே ஒரு துண்டு தேங்காய். ஹரிபிரசாத் பழக்குகிற மைதானத்துக்கு வந்த மற்றவர்கள் நாயிடம் கத்தினார்கள், கெஞ்சினார்கள், கொஞ்சினார்கள். நாய்கள் குழம்பி நின்றன. ஹரிபிரசாத் என்னைக் காட்டி, "இந்த அம்மா குரலைக் கேளுங்க. கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. நாய்க்கு இதுதான் வேணும்," என்றார். அழவில்லை என்று நாத்தனார் குறை சொன்ன அதே மரப்புதான் குரலிலும். அதைப் பாராட்டிய ஒரே ஆள் அவர்தான்.

ஒரு வாரத்தில் மேனேஜர் கயிற்றை இழுக்காமல் நடந்தது. கேட்டைச் சுரண்டுவது நின்றது. மதியம் தூங்கியது. தனக்கு ஒரு வேலை இருக்கிறது என்று தெரிந்ததும் அதன் தவிப்பு பாதி அடங்கிவிட்டது. இஸ்மாயிலே வந்து, கட்டுப் போடாத கையை முகரக் கொடுத்துவிட்டுப் போனார்.

பதினைந்தாம் நாள் கயிற்றை அவிழ்த்தேன். கேட்டைத் திறந்து வைத்தேன். வாசற்படியில் மேனேஜரை உட்காரவைத்து 'ஆகு' என்றேன். மாடியில் கோவிந்தம்மாள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வேன் வந்து நின்றது. கதவு திறந்தது. யாரும் இறங்கவில்லை.

"அக்கா, லாரி வருது. அங்கயே நில்லு."

குணாவின் குரல் கேட்டுத்தான் பார்த்தேன். நான் கேட்டைத் தாண்டி ரோட்டில் நின்றுகொண்டிருந்தேன். காலில் செருப்பில்லை. டிபன் பாக்ஸை வாங்குகிற மாதிரி ஒரு கை நீட்டியபடியே இருந்தது. லாரி ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

திரும்பினேன். மேனேஜர் வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. உடம்பெல்லாம் நடுங்கியது, ஆனாலும் எழுந்திருக்கவில்லை. வேனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

நாளையிலிருந்து இங்கே நிறுத்த வேண்டாம் என்று குணாவுக்குக் கையைக் காட்டினேன். அவனுக்குப் புரிந்தது. வேன் போனதும் கேட்டுக்குள்ளேயே தரையில் உட்கார்ந்தேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. தெருவே கேட்கிற மாதிரி அழுதேன். கோவிந்தம்மாள் இறங்கி வந்து கேட்டைச் சாத்தினார்.

நான் அழுது முடிக்கிற வரை மேனேஜர் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. 'ரா' என்றேன். ஹரிபிரசாத் பாராட்டிய குரல் இல்லை அது, பாதியிலேயே உடைந்துவிட்டது. ஆனாலும் எழுந்து வந்தது.