பேனரில் இருந்த வானம்

"இதுல எதுலயுமே அவரு மூஞ்சி இல்லியேண்ணா," என்றான் ஃப்ளெக்ஸ் கடை ராமராஜன். மெமரி கார்டில் இருந்த படங்களைத் திரையில் தள்ளிக்கொண்டே போனான். "எல்லாம் வெறும் வானமா இருக்குது."

குமரகுரு முக்காலியில் உட்கார்ந்திருந்தான். தம்பி சிவபாலன் நேற்று மதியம் தறியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் முடிந்துவிட்டது. முப்பத்து நான்கு வயது. இன்று நான்கு மணிக்கு எடுக்கிறார்கள். அதற்குள் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியாக வேண்டும்.

கேமரா குமரகுருவுடையது. நட்சத்திரங்களைப் படம் எடுக்கலாம் என்று முதலில் சொன்னவனும் அவன்தான். திருப்பருத்திக்குன்றத்தைத் தாண்டி, ஊர் வெளிச்சம் எட்டாத வரப்பில் நின்று இருவரும் ஒரு வருடம் தவறு செய்து செய்தே கற்றார்கள். முதலில் எல்லாம் கறுப்பு. ஷட்டரை அதிக நேரம் திறந்து வைத்தால் நட்சத்திரங்கள் கோடாக இழுபட்டன. மார்கழியில் லென்ஸில் பனி படிந்தது. பிறகு தம்பிக்கு வசப்பட்டுவிட்டது. அவன் எடுத்தவை ஊசியால் குத்தினாற்போல் இருந்தன. குமரகுரு எடுத்தவை வெந்த ஜவ்வரிசி.

"ஃபோகஸ் வளையத்தக் கடைசி வரைக்கும் திருப்பாதண்ணா. ஒரு நூலு பின்னால வா."

"தெரியும்டா."

தெரிந்துதான் இருந்தது. ஆனால் தறியில் பாவு நூலை விறைப்பாக முறுக்கிப் பழகிய கை, வளையம் முட்டி நிற்கும் இடம் வரை போனது. தம்பி சொல்லிப் பின்னால் வர அதற்கு மனம் இல்லை.

போன மாதம் சிவபாலன் எடுத்த படமொன்று ஊரிலுள்ள போன்களில் எல்லாம் சுற்றியது. பட்டுக்கடை முதலாளிகூட, "உன் தம்பியாமே!" என்றார். கேமரா யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை.

"அவன் கல்யாணப் படம் என் போன்ல இருக்குது. அதப் போடு," என்றான் குமரகுரு.

"பக்கத்துல நீ நிக்கிறியேண்ணா. உன்னக் கட் பண்ணிடறேன்." ராமராஜன் வெட்டினான். "பின்னால அவரு எடுத்த வானத்தையே வச்சிடலாமா? அந்த ஃபேமஸ் படம் எதுன்னு காட்டு."

குமரகுரு மவுஸை வாங்கினான். அந்தப் படம் உடனே வந்தது. பால்வெளி, ஒரு பிசிறு இல்லாமல். வெகுநேரம் பார்த்தான். பிறகு அதைத் தாண்டிப் போய், தான் எடுத்த ஒன்றில் நின்றான்.

"இது."

"இதுவா? மங்கலா கீதேண்ணா."

"இதான்."

பிணம் எடுக்கும் வரை தெருவில் தறி ஓட்டமாட்டார்கள். அந்த அமைதியில், வீட்டு வாசலில் கட்டிய பேனர் காற்றில் அடித்துக்கொள்வது மட்டும் கேட்டது. சம்பூர்ணம் அத்தை மூக்கைச் சிந்திவிட்டு அதை அண்ணாந்து பார்த்தாள்.

"எம்மாம் பெரிய பெரிய நட்சத்திரமா புடிச்சி வச்சிக்கிறான் பாரு! தங்கமான கையி. இனிமே யாருடி இப்டி எடுப்பாங்க?"

இரண்டு பேர் போனை உயர்த்திப் பேனரைப் படம் எடுத்தார்கள். குமரகுரு பந்தல் காலோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். தன் நட்சத்திரங்களை யாரும் புகழ்ந்து அவன் கேட்டதில்லை. இப்போது புகழ்ந்தவர்களும் சிவபாலன், சிவபாலன் என்றே சொன்னார்கள்.

தம்பியின் மனைவி மஹாலட்சுமியைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டி வந்தார்கள். பேனரின் முன்னால் அவள் அழுகை நின்றது. பேனரில் இருந்த கணவன் முகத்தை அவள் பார்க்கவில்லை, அதன் பின்னால் இருந்த வானத்தைப் பார்த்தாள். பிறகு குமரகுருவைப் பார்த்தாள்.

"இது நீங்க எடுத்ததாச்சே மாமா."

அவன் பார்வையைப் பேனருக்குத் திருப்பினான்.

"இன்னாம்மா சொல்ற?" என்றாள் அத்தை.

மஹாலட்சுமி அவன் மேலிருந்து கண்ணை எடுக்கச் சற்று நேரம் ஆனது.

"ஒண்ணுமில்ல அத்தே. அவரு எடுத்ததுதான்."

பந்தலுக்குள் பாடையைத் தூக்கினார்கள். "அண்ணங்காரன் எங்கப்பா? தோள் குடுக்க வாப்பா!" என்று யாரோ கூப்பிட்டார்கள்.

பேனரின் கீழ் மூலையில் கயிறு அவிழ்ந்து, ஃப்ளெக்ஸ் சுருண்டு மேலே ஏறியது. குமரகுரு அந்த மூலையை எட்டிப் பிடித்து நேராக்கினான். மறுபடியும் கூப்பிட்டார்கள். அவன் கையை எடுக்கவில்லை.